மேலிடம் என்றால் எந்த இடம்?

கேள்வி: நாட்டுக்கு ஆபத்தானவர் என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்த பிறகும், ஒருவரின் அகதி அந்தஸ்தைப் பறிக்க ஹங்கேரிக்கு ஐரோப்பிய நீதிமன்றம் முட்டுக்கட்டை போட்டதே, ஒரு நாட்டுக்குத் தன் பாதுகாப்பு பெரிதில்லையா? – வாசகர், விருத்தாசலம்

பதில்: பெரிதுதான். ஆனால் 'மேலிடம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்கும் எனக்கும் முப்பது வருடப் பகை. மேலிடத்து உத்தரவு, மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்... எந்த இடம், எத்தனையாவது மாடி, யார் எதைப் படித்துவிட்டுச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்த குமாஸ்தாவும் இதையேதான் சொன்னார். மூன்று மாதம் அலைந்தேன். தவறு என்னவென்று தெரிந்தால் திருத்தியிருப்பேன், யாரோ பொய் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன், ஒன்றுமே தெரியாதவன் எதை மறுப்பது? எனக்குப் போனது வெறும் விண்ணப்பம். நீங்கள் கேட்ட அந்த அகதி, ஒரு சிரியாக்காரர், அவருக்குப் போனது புகலிடம்.

அவர் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவர், அதை யாரும் மறைக்கவில்லை. 2019-ல் அந்தஸ்தைப் பறித்தது எதை வைத்து? இரண்டு பாதுகாப்பு அமைப்புகள், இவர் இருப்பது ஆபத்து என்று காரணம் சொல்லாமல் அனுப்பிய கருத்தை வைத்து. கோப்பைப் பார்க்க அனுமதி கிடைத்தாலும், பார்த்ததை வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது அப்போதைய ஹங்கேரிச் சட்டம்! 2022 செப்டம்பரில், லக்சம்பர்க்கில் இருக்கும் அந்த ஐரோப்பிய நீதிமன்றம் கேட்டது இவ்வளவுதான்: ரகசியத்தைக் காப்பாற்றிக்கொள், காரணத்தின் சாரத்தையாவது அவரிடம் சொல், மேலிருந்து வந்த கருத்தில் அப்படியே கையெழுத்துப் போடாமல் நீயே அலசி முடிவெடு. ஆபத்தானவரை மடியில் வைத்துக் கொஞ்சச் சொல்லவில்லை. அகதியை ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பாதே என்று சொல்லும் 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33-வது பிரிவிலேயே தேசப் பாதுகாப்புக்கு விதிவிலக்கு இருக்கிறது.

அப்புறம், லக்சம்பர்க்கையும் ஸ்ட்ராஸ்பர்க்கையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று நம் நாளிதழ்களுக்கு எத்தனை முறை சொல்வது? லக்சம்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஸ்ட்ராஸ்பர்க்கில் இருப்பது மனித உரிமை நீதிமன்றம். இரண்டாவது இன்னும் கண்டிப்பு. சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு யாரையும் அனுப்பக் கூடாது, அவர் எவ்வளவு ஆபத்தானவராக இருந்தாலும். கரம்ஜித் சிங் சாஹல் என்ற சீக்கியரை, தேசப் பாதுகாப்பைச் சொல்லி இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த பிரிட்டன், 1990 ஆகஸ்டிலிருந்து ஆறு வருடத்துக்கு மேல் சிறையில் வைத்திருந்தது. அவர் விஷயத்தைப் பார்த்தது ஓர் ஆலோசனைக் குழு. அதன் முன் வக்கீல் கிடையாது, குழு என்ன சொன்னது என்பதும் அவருக்குச் சொல்லப்படவில்லை. அதுவும் மேலிடம்தானே! 1996 நவம்பரில், அவரை அனுப்பக் கூடாது என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் தீர்ப்பு வந்தது, 12 நீதிபதிகள் ஒரு பக்கம், 7 பேர் மறுபக்கம்.

அதன் பிறகு பிரிட்டன் சிறப்பு ஆணையம் ஒன்றை அமைத்து, ரகசியக் கோப்பைப் படிக்கத் தனி வக்கீலையும் நியமித்தது. ஆனால் அந்த வக்கீல் கோப்பைப் படித்துவிட்டால், யாருக்காக வாதாடுகிறாரோ அவரிடமே ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது. சரி, முன்பைவிடத் தேவலை. என்னால் இதையும் முழு விசாரணை என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.