பொருந்தினால் போதுமா?

கேள்வி: இசைக் கீபோர்டின் அடாப்டர் பழுதாகிவிட்டது. வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது, அதையே பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். 5.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த உருளை முனை 5, 9, 12 வோல்ட் எனப் பல வகை அடாப்டர்களிலும் வருவதால், பொருந்துவது எதற்கும் உத்தரவாதமாகாது. துருவம் இன்னும் முக்கியம்: ரவுட்டர்களில் பெரும்பாலும் முனையின் நடுப்பகுதி நேர்மின், பழைய காசியோ கீபோர்டுகள் பலவற்றுக்கோ 9 வோல்ட்டும் நடுவில் எதிர்மின்னும் தேவை. கீபோர்டின் செருகுதுளை அருகிலும் அடாப்டரின் மீதும் உள்ள வட்டப் படத்தில், நடுப்புள்ளியிலிருந்து செல்லும் கோடு கூட்டல் குறியில் முடிகிறதா, கழித்தல் குறியில் முடிகிறதா என்று பாருங்கள் (எழுத்து பொடியாக இருக்கும்; கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கலாம்). வோல்ட்டும் துருவமும் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, குறைந்தால்தான் அடாப்டர் சூடேறும்.