மில்லிமீட்டர் அலையில் வேண்டாத அலைவரிசைகள்: வாசகர் கேள்விகள்

73.5 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரில் மிக்சருக்கு (இரு சிக்னல்களைக் கலந்து அலைவரிசையை மாற்றும் பகுதி) பின் வேண்டாத சிக்னல்களும் சேர்ந்தே வருகின்றன. எப்படிப்பட்ட ஃபில்டர் போடலாம்?

ஃபில்டர் இருக்கட்டும், முதலில் உங்கள் ஐ.எஃப். (மிக்சருக்குள் நுழையும் இடைநிலை அலைவரிசை) எவ்வளவு என்று பாருங்கள். 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதனுடன் கலக்கும் ஆசிலேட்டர் 72.5இல், அதற்கு மறுபக்கம் விழும் வேண்டாத பிம்பமான இமேஜ் 71.5இல். இரண்டுமே நீங்கள் இயங்கும் 71–76 பேண்டுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பேண்ட் முழுவதையும் விடும் ஃபில்டர் இவற்றையும் விட்டுவிடும். ஐ.எஃப்.ஐ 3.5 ஆக்கினால் ஆசிலேட்டர் 70க்கும் இமேஜ் 66.5க்கும் விலகிவிடும். அப்புறம் 2 கிகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஐந்து ரெசனேட்டர் (குறிப்பிட்ட அலைவரிசையில் அதிரும் அறை) கொண்ட ஐரிஸ் ஃபில்டரே (உலோகக் குழாயைத் துளையுள்ள தடுப்புகளால் அறைகளாகப் பிரித்தது) போதும். பாதி ஃபில்டர் பிரச்சினைகள் இப்படி அலைவரிசைத் திட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

சிமுலேஷனில் சரியாக இருந்த ஃபில்டர், செய்து வந்ததும் 150 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. ஏன்?

வெட்டிய அளவைச் சரிபாருங்கள். டபிள்யூ.ஆர்.-12 வேவ்கைடில் (அலைகளைக் கடத்தும் உலோகக் குழாயின் ஒரு நிலையான அளவு) 73.5க்கான ரெசனேட்டரின் நீளம் சுமார் 2.7 மில்லிமீட்டர்தான். அதில் 10 மைக்ரான் பிசகினாலே ஏறக்குறைய நீங்கள் சொல்லும் அளவு தள்ளும். மில்லிங் கட்டரால் உள்மூலைகளைக் கூராக வெட்ட முடியாது. அந்த வளைவையும் சிமுலேஷனில் வரைந்துவிடுங்கள். இழப்பும் கூடியிருந்தால் பரப்பின் சொரசொரப்பைச் சந்தேகிக்கலாம். இந்த அலைவரிசையில் செம்பில் மின்னோட்டம் ஓடும் ஆழம் கால் மைக்ரான்கூட இல்லை.

வேவ்கைடே ஒரு ஃபில்டர்தானே?

கீழ்ப்பக்கத்துக்கு மட்டும். டபிள்யூ.ஆர்.-12 சுமார் 48.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் விடாது, மேலே கதவு திறந்தே கிடக்கும். ஐரிஸ் ஃபில்டரின் இரண்டாவது பாஸ்பேண்டும் (சிக்னலை விடும் பட்டை) பலர் நினைப்பதுபோல் இருமடங்கான 147இல் வராது, 121 பக்கத்திலேயே வந்துவிடும். ஹார்மோனிக்குக்கு (அலைவரிசையின் மடங்குகளில் வரும் வேண்டாத சிக்னல்), மேலே உள்ளதைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்டர் தனியாக வேண்டும்.

26 கிகாஹெர்ட்ஸ் 5ஜியால் வானிலைச் செயற்கைக்கோளுக்கு இடைஞ்சல் என்கிறார்களே, ஒரு ஃபில்டர் மாட்டினால் தீராதா?

நீராவியை அளக்கும் கருவிகள் 23.8இல் கேட்கின்றன, அவற்றுக்கான 23.6–24 பட்டை முடிந்து 250 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, 24.25இல் 5ஜி தொடங்குகிறது. ஒரு சதவீத இடைவெளி. அதற்குள் சரேலென இறங்கும் ஃபில்டருக்கு உயர்ந்த க்யூ (இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) வேண்டும், அதாவது பெரிய குழி (ரெசனேட்டர் அறை). ஆன்டெனாவிலோ நூற்றுக்கணக்கான கூறுகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர். ஆளுக்கொரு குழி மாட்ட இடமே இல்லை. 2019இல் எகிப்தில் நடந்த உலக வானொலி மாநாடு, அந்தப் பட்டையில் பேஸ் ஸ்டேஷன் கசிவுக்கு 200 மெகாஹெர்ட்ஸுக்கு −33 டிபிடபிள்யூ (ஒரு வாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) என்று வரம்பு வைத்தது. 2027 செப்டம்பர் 1க்குப் பின் வருபவற்றுக்கு இன்னும் கடுமையாக −39. இதை எட்ட ஆம்ப்ளிஃபயரை நேர்கோட்டில் (சிக்னல் உருக்குலையாத அளவில்) ஓட்டுவதும், முதல் சேனலைக் கொஞ்சம் மேலே தள்ளி வைப்பதும்தான் நடைமுறை வழிகள்.