தகப்பனார் எழுதிக் கொடுத்த வீட்டை விற்றால் வரி எவ்வளவு?

கேள்வி: கீழக்கரையில் என் வாப்பா 1989-இல் கட்டிய வீட்டை 2022-இல் எனக்குத் தான செட்டில்மெண்ட் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்தார். நாங்கள் சென்னையிலேயே தங்கிவிட்டதால், அதை 48 லட்ச ரூபாய்க்கு விற்க நினைக்கிறோம். காசு கொடுத்து வாங்காத வீடு என்பதால் 48 லட்சமும் லாபமாகத்தான் கருதப்படும் என்கிறார் தரகர். அது சரிதானா?

பதில்: சரியல்ல. பெற்றோர் பிள்ளைகளுக்குத் தானமாகக் கொடுக்கும் சொத்துக்குக் கொடுத்தவருக்கும் வருமான வரி இல்லை, பெற்றவருக்கும் இல்லை. விற்கும்போதுதான் வரிப் பேச்சு எழுகிறது. அப்போதும் உங்கள் தந்தைக்கு ஆன அடக்க விலையே உங்கள் அடக்க விலையாகவும், அவர் வைத்திருந்த காலம் உங்கள் காலத்தோடு சேர்த்தும் கொள்ளப்படும். எனவே இது நீண்டகால மூலதன ஆதாயம், அதாவது நெடுநாள் வைத்திருந்த சொத்தை விற்று வரும் லாபம்.

1989-இல் கல்லுக்கும் மரத்துக்கும் கொடுத்த ரசீதுகளை இப்போது தேடி அலைய வேண்டியதில்லை. 1.4.2001-க்கு முற்பட்ட சொத்து என்பதால் அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் அது பத்திரப் பதிவுக்காக அரசு அன்று நிர்ணயித்திருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் இதற்குச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2001-க்குப் பின் மாடி எடுத்திருந்தால், ஆதாரம் உள்ள மட்டும் அந்தச் செலவையும் சேர்க்கலாம்.

அந்த மதிப்பு 8 லட்சம் என்றும், விற்பனை 2025-26 நிதியாண்டில் நடந்ததாகவும் வைத்துக்கொள்வோம். பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி உயர்வுக்கேற்ப அடக்க விலையைக் கூட்டுவது) இல்லாமல் லாபம் 40 லட்சம், 12.5 சதவீத வரி 5 லட்சம். இதற்காக அரசு வெளியிடும் குறியீட்டு எண் 2001-இல் இருந்த 100-லிருந்து 376-ஆக உயர்ந்திருப்பதால், சரிக்கட்டினால் அடக்க விலை 30.08 லட்சமாகி, மீதி 17.92 லட்சத்துக்கு 20 சதவீதமாக 3,58,400 ரூபாய்தான் வருகிறது. 23.7.2024-க்கு முன் கைக்கு வந்த வீடு, மனைகளுக்கு இந்தியாவில் வசிப்பவர் இவ்விரண்டில் குறைந்ததைக் கட்டலாம், செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) தனி. 2001 மதிப்பைப் போல எட்டு மடங்குக்குச் சற்று மேல் விலை போனால்தான் 12.5 சதவீதம் லாபகரம். வளைகுடாவில் வேலை பார்த்து, வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்காகும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தருவதாக யாராவது சொன்னால் இணங்க வேண்டாம். வழிகாட்டி மதிப்பு பத்திர விலையை 10 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால், அந்த மதிப்பே விற்பனை விலையாகக் கொள்ளப்படும். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரக்கூடும். இந்த ஏற்பாட்டில் ஆதாயம் பெரும்பாலும் வாங்குபவருக்கே, ஆபத்து உங்களுக்கு.

சென்னையில் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் வரியே இல்லாமலும் போகலாம். விற்பனைக்கு முந்தைய ஓராண்டுக்குள்ளோ விற்ற பின் ஈராண்டுக்குள்ளோ ஒரு வீடு வாங்கினாலும், விற்ற பின் மூன்றாண்டுக்குள் கட்டினாலும், அதில் போட்ட அளவுக்கு லாபத்துக்கு விலக்கு உண்டு. விற்ற பணம் முழுவதையும் போட வேண்டியதில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வீடு அமையாவிட்டால், அத்தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். சாதாரண வைப்பு நிதியில் போட்டால் விலக்கு கிடைக்காது.