பால் கக்கும் குழந்தைக்குக் கடையில் என்ன வாங்குவது?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். தலைப்பிரசவம். பையனுக்கு இரண்டு மாதம், தாய்ப்பால் மட்டும்தான். குடித்த ஒவ்வொரு முறையும் ஒரு வாய் கக்கிவிடுகிறான். சில நேரம் தயிர் தயிராக, சில நேரம் மூக்கு வழியாகவும் வருகிறது. "உன் பாலு புள்ளைக்கு ஒத்துக்கல" என்கிறார் மாமியார். மருந்துக் கடையில் கேட்டதற்கு கிரைப் வாட்டரும் ஒரு சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். போனைத் திறந்தால் சாய்வுத் தலையணை ஒன்று 2,890 ரூபாய்க்கு வருகிறது. 'கக்குவது உடனே நிற்கும்' என்று போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், அந்தப் பணம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. இவற்றில் எதை வாங்கலாம்?

பதில்: தலையணை வேண்டாம். அந்தச் சொட்டு மருந்தையும் மருத்துவர் குழந்தையைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். காசு செலவில்லாத ஒரு வேலை முதலில் இருக்கிறது. பக்கத்து அங்கன்வாடிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்ப் பையனை எடை போடுங்கள். தாய் சேய் நல அட்டையில் பிறந்த எடையும் தடுப்பூசி போட்ட நாளில் பார்த்த எடையும் இருக்கும். முதல் மூன்று மாதத்தில் குழந்தை நாளுக்கு 20 முதல் 30 கிராம், அதாவது வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏறினால், உள்ளே போக வேண்டிய பால் போகிறது என்று பொருள். ஒரு நாளில் ஆறு துணிக்கு மேல் நனைக்கிறானா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, கக்கிய பிறகும் பையன் சிரித்துக்கொண்டிருந்தால், உங்கள் பால் அவனுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. மாமியாரிடம் அந்த அட்டையையே காட்டுங்கள்.

ஏன் கக்குகிறான்? உணவுக்குழலும் இரைப்பையும் சேரும் இடத்தில் சுருக்குப் பை வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு அது இன்னும் இறுகியிருக்காது. குடிப்பதோ வெறும் பால், நாள் முழுக்கப் படுக்கை வேறு. பால் எதுக்களித்து மேலே வருவதில் வியப்பில்லை. மூக்கும் தொண்டையும் உள்ளே ஒன்றாகச் சேர்வதால் மூக்கு வழியாகவும் வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது தனி நோய் அல்ல. தயிராக வருவது இரைப்பையில் சற்று நேரம் இருந்து திரிந்த பால். நான்காம் மாதம் வாக்கில்தான் இது உச்சத்துக்குப் போகும். மூன்று மாதத்துக்குள் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தினமும் ஒரு முறையாவது கக்குகின்றன. ஒரு வயது திரும்பும்போது பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும். என் மூத்தவளும் அப்படித்தான். அடுத்த மாதம் இன்னும் கூடினால் பதறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை முன்கூட்டிச் சொல்கிறேன்.

"வயிற்றில் ஒண்ணுமே தங்கலை" என்று தோன்றினால் இரண்டு தேக்கரண்டிப் பாலைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பத்து மில்லிதான், ஆனால் எவ்வளவு பெரிய வட்டமாகப் பரவுகிறது! துணியில் தெரியும் ஈரத்தை வைத்து அளவைக் கணக்கிடவே முடியாது.

இனி பால் கொடுக்கும் முறை. பல வீடுகளில் கோளாறு இங்கேதான் இருக்கிறது, சரிசெய்யக் காசும் ஆகாது. குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும், கழுத்து திரும்பியிருக்கக் கூடாது. வாயை நன்றாகத் திறந்து, காம்பை மட்டும் பிடிக்காமல் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். தாடை மார்பைத் தொட வேண்டும். 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டால் காற்றையும் சேர்த்து விழுங்குகிறான். உங்களுக்குப் பால் சீறி வருகிறதென்றால், முதல் பீய்ச்சலைத் துணியில் விட்டுவிட்டுப் பிறகு கொடுங்கள். அல்லது சுவரில் திண்டு வைத்துச் சாய்ந்துகொண்டு பையனை மார்மேல் போட்டுக் கொடுங்கள். அப்போது பால் வேகமாகத் தொண்டையில் இறங்காது. ஒரு பக்கம் முழுதாகக் குடித்த பிறகு மறுபக்கம் மாற்றுங்கள். பசியில் வீறிட்டு அழும்வரை காக்க வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது நல்லது. குடித்ததும் தோளில் போட்டு இருபது, முப்பது நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டாதீர்கள். தோளுக்கு வேண்டிய துணி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய குடியாத்தம் கைலியை நான்காகக் கிழித்துக்கொள்ளுங்கள். கடையில் அழகாக மடித்து விற்கும் எந்தத் துணியும் அந்த அளவுக்கு ஈரம் உறிஞ்சாது.

கிரைப் வாட்டரில் இருப்பது பெரும்பாலும் சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும். சிலவற்றில் சர்க்கரையும் உண்டு. தளர்ந்த தசை வளையத்தை இது இறுக்காது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வேலூர் வெயிலுக்கும் அதுதான் விதி. தாகத்துக்கு வேண்டிய தண்ணீர் பாலிலேயே இருக்கிறது. சொட்டு மருந்துப் பெட்டியில் டோம்பெரிடோன் என்றோ, அமிலத்தைக் குறைப்பது என்றோ இருந்தால் பத்திரமாக எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். டோம்பெரிடோன் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. வெறுமனே கக்கும் குழந்தைக்கு அமில மருந்தால் பயனில்லை.

ஆனால் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்: பச்சை நிறமாக வாந்தி, அதில் ரத்தம், இரண்டடி தூரம் பீய்ச்சியடிக்கும் வாந்தி ஒவ்வொரு முறையும், எடை ஏறாமை, பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், காய்ச்சல், வயிறு உப்பல், மூச்சுத் திணறல், உச்சிக்குழி புடைத்தல். பிறந்து சில வாரங்களில் தொடங்கி வரவர வேகமாகப் பீய்ச்சும் வாந்திக்கு இரைப்பையின் அடிவாய் தடித்து அடைத்திருப்பது காரணமாக இருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். பச்சை வாந்தி என்றால் அன்றைக்கே, அந்த நேரமே, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குக் கிளம்புங்கள். வண்டிக்கு 108. சந்தேகம் மட்டும் என்றால் 104-இல் கேட்கலாம்.

கேள்வி: காட்பாடி வாசகி நான். அதே மாதிரிச் சாய்வுத் தலையணையை இணையத்தில் வாங்கிவிட்டேன். 'மருத்துவர்கள் பரிந்துரைத்தது, இரவெல்லாம் நிம்மதியான தூக்கம்' என்று விளம்பரம். வந்து பார்த்தால் பஞ்சு அமுங்கி, பாப்பா வழுக்கிக் கீழே வந்து, கழுத்து மடங்கிக் கிடக்கிறாள். திருப்பி எடுக்கச் சொன்னால், "குழந்தைப் பொருள், பிரித்தாகிவிட்டது, எடுக்க மாட்டோம்" என்கிறார்கள்.

பதில்: பாப்பாவை இன்றிரவே அதிலிருந்து எடுத்துவிடுங்கள். பணம் பிறகு. சாய்வில் படுக்கும் குழந்தையின் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை மடங்கும். அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள குழந்தைத் தூக்கப் படுக்கைகளை விற்கவே 2022-இல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள், குழந்தைகள் இறந்த பிறகு. கக்கும் குழந்தையானாலும் தட்டையான, கெட்டியான இடத்தில் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். கோரைப்பாய்மேல் இழுத்து விரித்த ஒரு மடிப்புச் சேலை போதும், தலையணையே வேண்டாம். மல்லாக்கப் படுத்தால் புரையேறும் என்று பயப்படுகிறார்கள். அந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். மேலே வந்த பால் மூச்சுக்குழலுக்கு ஏறுவதுதான் கடினம்.

இப்போது பணம். "பிரித்தாகிவிட்டது" என்ற பதில் எல்லா இடத்திலும் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 சொல்வது இது: பொருள் குறைபாடாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலோ, விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. உங்கள் வழக்கு அதுதான். மனம் மாறித் திருப்புகிறீர்கள் என்றால் மட்டும் அவர்கள் போட்ட நிபந்தனை செல்லும். ஆகவே புகாரில் 'பிடிக்கவில்லை' என்று எழுதாதீர்கள். 'பஞ்சு அமுங்குகிறது, குழந்தை வழுக்குகிறது, விளம்பரத்தில் சொன்னபடி இல்லை' என்றே எழுதுங்கள். விளம்பரம் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அந்த 'மருத்துவர்கள் பரிந்துரைத்தது' என்ற வரி தெரியும்படி. எந்த மருத்துவர், எந்த ஆதாரம் என்றும் கேளுங்கள். தலையணையின் படம், பில், வந்த பெட்டியின் சீட்டு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்பினால் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது. 1915-இல் பதிவு எண் வாங்கிய பிறகு பேச்சின் தொனியே மாறிவிடும்.

தலையணையை மட்டும் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மகளுக்கு நான்கு மாதம்; கக்குகிறாள், ஆனால் எடை நன்றாக ஏறுகிறது. கடைக்காரர், "தாய்ப்பால் தண்ணி மாதிரி, அதான் நிக்கல. கெட்டிப் பால் கொடுங்க" என்று ஒரு டின்னைக் காட்டி, இரண்டு வாங்கினால் புட்டி இலவசம் என்றார். வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. எடை ஏறும் குழந்தைக்கு நன்றாகச் சுரக்கும் பாலை நிறுத்தி டின்னுக்கு மாற்றுவதற்குக் காரணமே இல்லை. கெட்டிப்படுத்திய பால் வெளியே தெரியும் கக்கலைக் கொஞ்சம் குறைக்கும், உண்மை. ஆனால் அது புட்டிப் பால் குடிக்கும் குழந்தைகளில் சிலருக்கு மருத்துவர் சொல்லிக் கொடுப்பது. வீட்டிலேயே தாய்ப்பாலைப் பீய்ச்சி அரிசிக் கஞ்சி கலக்கவும் முயலாதீர்கள். தாய்ப்பாலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவைக் கரைத்து மறுபடி நீர்த்துப்போகச் செய்துவிடும்.

அந்த இலவசப் புட்டி சட்டப்படி குற்றம். தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொடி, புட்டி, குழந்தை உணவு பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டம், 2003-இல் இன்னும் இறுக்கப்பட்டது. விளம்பரம், இலவச மாதிரி, பரிசு, ஆசை காட்டி விற்பது எல்லாம் தடை. டின்னில் தாய் படமோ குழந்தை படமோ போடவும் கூடாது. 'தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது' என்று டின்னிலேயே அச்சிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அடுத்த முறை கடையில் அந்த வரியைத் தேடிப் படித்துக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மகளின் மலத்தில் ரத்தக் கோடோ சளியோ, தோலில் ஓயாத சொறியோ சேர்ந்து வந்தால், பசும்பால் புரத ஒவ்வாமை என்று மருத்துவர் ஐயப்படலாம். அப்போது தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், டீயில் ஊற்றும் பால் எல்லாவற்றையும் விட்டுப் பார்க்கச் சொல்வார். மருத்துவர் சொல்லாமல் தாய் தானாக வீட்டில் பத்தியம் தொடங்க வேண்டாம். சாதாரண டின் பாலும் பசும்பாலில் செய்ததுதான், அப்படிப்பட்ட குழந்தைக்கு அது நிலைமையை மோசமாக்கும்.

கேள்வி: ஆரணியில் பேரனைப் பார்த்துக்கொள்கிறேன். பேர் சொல்லாததைச் சுட்டு நாக்கில் தடவலாமா? உரம் எடுக்கலாமா? பால் குடித்ததும் தூளியில் போட்டால்தான் தூங்குகிறான்.

பதில்: அம்மா, நீங்கள் பேர் சொல்லாத அந்த வசம்பு உள்ளே போக வேண்டாம். அதில் உள்ள ஆசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். கையில் கட்டும் வசம்பு வளையலையும் குழந்தை வாயில் வைத்துச் சப்பும். மணி அறுந்தால் தொண்டையில் அடைக்கும். உரம் எடுக்கிறேன் என்று பால் குடித்த பிள்ளையைப் புடவையில் போட்டு உருட்டினால், குடித்தது அத்தனையும் மேலே வரும், புரையும் ஏறலாம்.

தூளியில் உடம்பு வளைந்து வயிறு மடங்குகிறது. அதனால் குடித்ததும் போடாமல், அரை மணி உங்கள் தோளில் வைத்திருந்துவிட்டு, பகலில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் போடுங்கள். தாடை நெஞ்சில் படாமல் பார்த்துக்கொண்டு, தூங்கியதும் பாயில் மல்லாக்க மாற்றிவிடுங்கள். இரவு முழுக்கப் பாய்தான். அந்த அரை மணி தோள் உங்களுடையது என்றால் பிள்ளை பெற்றவள் அந்த நேரத்தில் கண்ணயரலாம்.