கேமரா வாங்கித் தரலாமா? கொலுசுப் பட்டறை அப்பாவுக்கு ஒரு பதில்

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், படிப்பை விட்டுவிட்டுப் பொருட்களைப் படமெடுக்கும் தொழிலுக்குப் போகிறேன் என்கிறாள், லட்ச ரூபாய்க்குக் கேமரா கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படிப்பை விட வேண்டாம். கேமராவும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் வேலையை இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கும் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது. சின்னப் பொருட்களிலேயே படாதபாடு படுத்துவது பளபளக்கும் உலோகம்தான். மெருகு போட்ட வெள்ளி ஒரு கண்ணாடி மாதிரி. போன் அதில் தெரியும், சன்னல் கம்பி தெரியும், எடுப்பவள் சிவப்புச் சுடிதார் போட்டிருந்தால் கொலுசும் சிவக்கும். கொலுசு கைவந்துவிட்டால் சோப்பும் ஊறுகாய் பாட்டிலும் விளையாட்டு.

இருக்கிற போன் போதும். சன்னலோரம் ஒரு மேசை போட்டு, வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் கொலுசை வைக்கட்டும். நேர்வெயில் விழுந்தால் சன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டலாம். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். அப்புறம், கறுப்புச் சார்ட்டைப் பட்டையாக வெட்டிக் கொலுசின் இருபுறமும், படத்தில் விழாதபடி நிறுத்த வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளி கரைந்துபோகும். கறுப்பு அட்டையின் பிம்பம்தான் அதற்கு விளிம்பு வரைந்து கொடுக்கும். டியூப்லைட்டை அணைத்துவிடட்டும். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறத்தைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

போனை ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு வினாடி டைமர் வைத்து எடுக்கட்டும். ரொம்பக் கிட்டே போனால் போனின் நிழலே விழும், முன்னால் இருக்கும் மணி பெருத்துத் தெரியும். வெள்ளைத் தாளைப் போன் சாம்பலாகக் காட்டும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் ஏற்ற வேண்டும். அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, சிவப்பு, பச்சை, நீல நிற எண்களில் சொன்னால் 255, 255, 255 ஆக இருக்க வேண்டும். சட்டகத்தில் 85 சதவீதத்தைப் பொருள் நிரப்ப வேண்டும். இந்த விதிக்கு ஒத்துவரும் பத்துப் படங்களை அவள் காட்டட்டும், மேற்கொண்டு பேசலாம்.

கடன் வாங்கிக் கேமரா வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேரின் கேமரா பீரோவில் தூங்குகிறது. மாதாமாதம் தேடிவரும் வாடிக்கையாளர் இரண்டு பேராவது அமைந்த பிறகு, ஒரு கேமராவையும், சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸையும் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். அதில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது: கொக்கி தெளிவாக இருந்தால் மணி மங்கும். ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் தொழில் சரிப்படாது என்று அப்போது அவளுக்கே தெரிந்துவிடும்.

முறையாகப் படிக்க ஆசைப்பட்டால் ஊட்டியில் லைட் அண்ட் லைஃப் அகாடமி என்ற புகைப்படப் பள்ளி 2001 முதல் இருக்கிறது, செலவு கூடுதல். குஜராத்தின் காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (NID) புகைப்பட வடிவமைப்பு முதுகலைப் படிப்பு இருக்கிறது, அதற்குப் பட்டம் கட்டாயம். பி.காம். எப்படியும் வீண்போகாது. ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம், என்ன விலை என்று கணக்குப் போடத் தெரியாமல்தான் இந்தத் துறையில் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான். அதனால் 'மாதிரிக்குக் காட்டிக்கொள்கிறேன்' என்று ஆரம்பத்திலேயே வாட்ஸப்பில் எழுதி, சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

முதல் வாடிக்கையாளர் உங்கள் தெருவிலேயே, ஒருவேளை உங்கள் போட்டியாளராகவே இருப்பார். தயங்காமல் அனுப்புங்கள். கொலுசை எடை போட்டு வாங்கி, எடை போட்டே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.