பழைய படத்தில் குளத்தைத் தேடுங்கள்

அன்பின் அண்ணா,

வவுனிக்குளத்தின் கீழுள்ள குடியேற்றக் கிராமமொன்றில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதியின் பழைய ஓரங்குலப் படமொன்று (ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் இடவிளக்கப் படம்), யாரோ கைபேசியில் எடுத்தது, கைக்குக் கிடைத்தது. அதில் எங்கள் ஊர் இல்லை. காட்டுக்குள்ளே கேள்விப்படாத பெயர்கள் நிறையக் கிடக்கின்றன. கூகிள் படத்தின்மேல் வைத்தால் தெருக்கள் எல்லாம் ஒரு பக்கமாக விலகி நிற்கின்றன. படம் பிழையா? இதை வைத்து ஊர் வரலாறு எழுதலாமா? காணிப் பிரச்சினைக்கு இதைக் காட்டலாமா?

ஒரு வாசகர், மல்லாவி

அன்பின் தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: காணிக்கு இது உதவாது. இடவிளக்கப் படம் நிலத்தில் என்ன இருந்தது என்று சொல்லும், யாருடையது என்று சொல்லாது. காணிக்கு நில அளவைத் திணைக்களத்தின் இறுதிக் கிராமப் படத்தையோ உங்கள் துண்டின் அளவைப் படத்தையோ தேடுங்கள்.

படம் பிழையில்லை. பழைய படங்களின் ஆள்கூறுகள் கண்டவல ஆதாரம் என்ற பழைய அளவை அடிப்படையில் நிற்பவை (கிளிநொச்சிக் கண்டாவளை அல்ல, நீர்கொழும்புப் பக்கத்துக் கண்டவல). கூகிள் நிற்பது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது ஆதாரத்தில். இரண்டையும் மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நம் பக்கத்தில் கிழக்கு மேற்காக இருநூறு மீற்றருக்கு மேல் விலகும். ஓரங்குலப் படத்தின் அளவுத்திட்டம் 1:63,360, தாளில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 63 மீற்றர். ஆகவே நீங்கள் கண்டது தாளில் மூன்று நான்கு மில்லிமீற்றர் விலகல்தான். கியூஜிஐஎஸ் மென்பொருளில் படத்தைப் பொருத்தும்போது, ஓரத்திலுள்ள அகலாங்கு நெட்டாங்குகளை இ.பி.எஸ்.ஜி. 4244 என்ற எண்ணின் கீழ் (கண்டவல ஆதாரத்துக்கு மென்பொருளில் உள்ள எண்) கொடுங்கள். விலகலின் பெரும்பகுதி போய்விடும்.

மிச்சம் நிற்பது கைபேசிப் படத்தின் கோளாறு. சரித்துப் பிடித்தால் ஒரு பக்கம் சுருங்கும், மடித்த தாள் மடிப்பில் எழும்பும். முடிந்தால் தாளைத் தட்டையாக 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கான் பண்ணுங்கள். அப்போது அந்தப் புள்ளிகளில் ஒன்று நிலத்தில் ஐந்தரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு, அதற்குமேல் நுணுக்கம் அந்தத் தாளில் இல்லை. ஸ்கானுக்கு, தாள் முழுவதையும் ஒரே சீராக நகர்த்தும் முதற்படிப் பல்லுறுப்பு முறை (Polynomial 1) போதும். கைபேசிப் படம்தான் உண்டென்றால், படத்தை ரப்பர்போல் வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்பிளைன் முறையை எடுத்து, பத்துப் பன்னிரண்டு பொருத்துப் புள்ளிகளைத் தாள் முழுக்கப் பரவலாகக் குத்துங்கள். அந்த முறை குத்திய இடத்தில் பிழையே காட்டாது, அதை நம்பி ஏமாற வேண்டாம். குத்தாத இரண்டு மூன்று இடங்களை வைத்துச் சோதியுங்கள். எந்த இடங்களில் குத்துவது என்றால், தாளில் புகையிரதப் பாதை வந்தால் அது தெருவைக் கடக்கும் இடங்கள். வடக்குப் பாதை 1905இல் திறந்தது, போருக்குப் பின்னரும் பழைய தடத்திலேயே திரும்பப் போட்டார்கள். பெரிய குளக்கட்டின் முனைகளும் துருசும் (நீர் திறக்கும் மதகு) நல்லவை, ஆனால் கட்டை உயர்த்திய குளமென்றால் கவனம். குளத்தின் நீர்விளிம்பையும் களப்புக் கரையையும் தொடவே வேண்டாம். மாரியிலும் கோடையிலும் அவை வேறு வேறு.

இனி ஊர். வன்னியில் ஊர் இடம் மாறும், பெயர் குளத்தோடு நிற்கும். மலேரியாவும் வறட்சியும் போரும் சனத்தைக் கிளப்பியிருக்கின்றன, குளக்கட்டு கிளம்பவில்லை. ஆகவே படத்தில் முதலில் குளங்களை மட்டும் எடுத்து எண் போடுங்கள். சமவுயரக் கோடு 100 அடிக்கு ஒன்று என்பதால், எட்டுப் பத்து அடிக் கட்டு அதில் விழாது, நம் சமநிலத்தில் சரிவும் தெரியாது. சரிவைச் சொல்வது கட்டுத்தான். அது வில்போல் வளைந்து, உட்குழிவு தண்ணீர்ப் பக்கமாக, இரு முனையும் மேல்நிலத்தை நோக்கி நிற்கும். மேற்குளத்தின் வானில் (மிகுதி நீர் வழியும் இடம்) பாயும் தண்ணீர் கீழ்க்குளத்தின் அலைகரைக்கு, அதாவது நீர் பரவும் மேல்விளிம்புக்கு, போகும். அந்தத் தொடரை ஆறுவரை பென்சிலால் கோடிழுத்துப் பாருங்கள். நடுவில் நீண்ட இடைவெளி வந்தால், அங்கே தூர்ந்த குளமொன்று கிடக்கலாம். ஆவணி புரட்டாதி மாதத்துச் செய்மதிப் படத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். வெளிறிய புல்வெளியும், அதன் கீழ்ப்பக்கத்தில் மரங்கள் வில்லாக நிற்பதும் தெரிந்தால் அநேகமாக அதுதான்.

கேள்விப்படாத பெயர் என்கிறீர்கள். சில உங்களுக்குத் தெரிந்த பெயர்களாகவே இருக்கும். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து, குறில் நெடிலும் தெரியாது. ட்ட என்பதற்கு இரட்டை ‘டி’ (dd) போடுவார்கள், வட்டக்கச்சியும் பாலமோட்டையும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. அந்த எழுத்தில் பாலையும் பளையும் ஒன்றாகிவிடலாம். மோட்டை, மடு, தாழ்வு என்று முடிபவற்றைத் தனியாகக் குறியுங்கள், அவை தண்ணீர் நிற்கும் இடத்தின் தன்மையைச் சொல்லும். ஊர்ப் பெரியவர்களிடம் “இந்தப் பெயரில் இடம் உண்டா?” என்று கேட்காதீர்கள், ஓமென்று சொல்லிவிடுவார்கள். “துணுக்காயிலிருந்து வண்டிப் பாதையால் போனால் எந்தக் குளத்துக்குப் பிறகு எந்தக் குளம்?” என்று கேளுங்கள். வரிசை படத்தோடு பொருந்தினால் பெயர் உறுதி.

உங்கள் ஊர் இல்லாததற்குக் காரணம் ஆண்டு. வவுனிக்குளம் திருத்தப்பட்டது 1950களில். அதற்கு முன் அளந்த தாளில் குடியேற்றம் இருக்க வழியில்லை. ஆனால் தாளின் அடியிலுள்ள அச்சு ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். அளந்த ஆண்டு வேறு, திருத்திய ஆண்டு வேறு. மறுபதிப்பில் தெருவை மட்டும் புதுப்பித்துவிட்டு, காட்டையும் குளத்தையும் பழையபடி விட்டிருப்பார்கள். வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் ஆளில்லை என்றும் எழுதிவிடாதீர்கள். காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்து நகர்ந்த குடும்பங்களின் குடில்கள் இந்த அளவுத்திட்டத்தில் விழாமல் போயிருக்கும்.

நேரில் போவதென்றால் தனியே போகவேண்டாம். மிதிவெடி அகற்றியது உறுதியாகத் தெரியாத காட்டில் பாதையை விட்டு ஓரடியும் வைக்காதீர்கள், கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கள். ஒதுக்கக் காடென்றால் வனத் திணைக்கள அனுமதியும் வேண்டும். செங்கல், ஓடு, கல் எது கண்டாலும் கிடந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து. தோண்டக் கூடாது, சட்டமும் விடாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் தாளின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. நான்கு ஓரமும் குறிவிளக்கமும் தெரிய இன்னொருமுறை எடுத்து அனுப்புங்கள். பதிப்புக்குப் பதிப்பு குறி மாறும் என்பதால், வவுனிக்குளத்தை அதில் தண்ணீரோடு காட்டியிருக்கிறார்களா, உடைந்த கட்டாகவா என்று அதைப் பார்த்தபின் சொல்கிறேன்.