டிக்கியில் மெத்தை விரிக்காதீர்கள்: பழைய குடும்ப வண்டி கேள்வி-பதில்

சொல்லிவைத்த மாதிரி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய ஸ்டேஷன் வேகன் (கூரை டிக்கி வரைக்கும் நீளும் கார்), பழைய ஏழு சீட் வண்டி பற்றித்தான். ஒரு வேண்டுகோள், முன்பும் கேட்டதுதான்: என்ன வண்டி, எந்த வருடம், பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இந்த நான்கும் இல்லாமல் எழுதாதீர்கள்.

2006 டாடா இண்டிகோ மரீனா ஸ்டேஷன் வேகன், டீசல், ஒரே ஓனர், 90 ஆயிரம் சொல்கிறார். ஸ்பேர் கிடைக்குமா? (ஈரோடு)

இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச், பிரேக் இதெல்லாம் இண்டிகா, இண்டிகோ குடும்பத்துச் சாமான்தான், பயமில்லை. அந்த 1.4 லிட்டர் டீசல் இன்ஜினை இறக்கி ஏற்றத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் இருப்பார். சிக்கல் வண்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது. டிக்கிக் கதவு, அதன் கண்ணாடி, பின் விளக்கு இவை மரீனாவுக்கென்று தனியாக வந்தவை, உடைந்தால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் உடைப்புக்கு வந்த வண்டி சிக்கினால்தான் உண்டு. அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் பின்னால் போய் நில்லுங்கள். டிக்கிக் கதவைத் தூக்கிவிட்டுக் கையை எடுங்கள், அது தானாக நிற்க வேண்டும். தரை கார்ப்பெட்டை உரித்து ஸ்டெப்னிக் குழிக்குள் விரலை விட்டுத் தடவுங்கள், ஈரமோ துரு உதிர்வதோ தெரிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று. 2006 வண்டி என்றால் 15 வருடம் 2021இல் முடிந்திருக்கும். எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டிப் புதுப்பித்திருந்தால் அது 5 வருடத்துக்குத்தான் செல்லும். தேதி முடிந்துவிட்டதா, முடியப்போகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கட்டணம் மட்டுமே 5 ஆயிரம், 20 வயது தாண்டினால் 10 ஆயிரம். பசுமை வரி, டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்தால் உங்கள் 90 ஆயிரம் எங்கேயோ போய் நிற்கும்.

என் வண்டி ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. என்ன செய்யலாம்? (ஊர் இல்லை)

ஊரும் இல்லை, வண்டியும் இல்லை. காலையில் மட்டுமா, ஓடிச் சூடான பிறகுமா என்றாவது எழுதியிருக்கலாம். டீசலாக இருந்து காலையில் மட்டும் என்றால் முதலில் பேட்டரி, அடுத்து குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக். அதற்கு மேல் யூகத்தில் சொல்லி உங்கள் பணத்தைச் செலவழிக்க வைக்க எனக்கு மனமில்லை.

2009 இன்னோவா டீசல், 1.9 லட்சம் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றினார்களா என்று முன் ஓனருக்கே தெரியவில்லை. (நாமக்கல்)

தெரியவில்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது அந்த பெல்ட்தான். இந்த வாரமே மாற்றுங்கள், அது ஓடுகிற டென்ஷனர், ஐட்லர் பேரிங்கும் சேர்த்து. ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், பத்துப் பதினைந்தாயிரத்தில் முடிய வேண்டிய வேலை லட்சத்தைத் தொடும்.

இரண்டாவது சீட்டை மடக்கிவிட்டு மரீனா டிக்கியில் மெத்தை விரித்து இரண்டு பிள்ளைகளையும் (8 வயது, 5 வயது) படுக்க வைத்து இரவில் திருச்செந்தூர் போய்வருகிறோம். நன்றாகத் தூங்குகிறார்கள். பிரேக் பிடித்தால் மெத்தை நழுவுகிறது, அதற்கு என்ன வழி? (கோவை)

மெத்தையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் வழி. மெத்தை நழுவுகிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். மெத்தை நழுவும்போது அதன் மேல் படுத்திருக்கிற பிள்ளை என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. டிக்கி தனியாக இருக்கும் செடான் காரில் பெரும்பாலும் டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் தகடு இருக்கிறது. ஸ்டேஷன் வேகனில் அது கிடையாது, சீட்டின் முதுகுதான் ஒரே தடுப்பு, அதையும் நீங்கள் மடக்கிவிட்டீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத பொருள் தன் எடையைப் போல 20, 30 மடங்கு விசையோடு முன்னால் போகும். உங்கள் 5 வயதுப் பிள்ளை 18 கிலோ இருக்குமா? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து லாரி இடித்தாலும் முதலில் நசுங்குவது அந்த மெத்தை இருக்கிற இடம்தான்.

பல வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு மதுரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். இரவு, மாடு ஒன்று குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன், வண்டி நின்றது, எதிலும் மோதவில்லை. டிக்கியில் சும்மா வைத்திருந்த ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் டின் சீட்டுக்கு மேலாகப் பறந்து வந்து டேஷ்போர்டில் இடித்தது. என் அக்கா மகன் காதுக்கும் அந்த டின்னுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். டேஷ்போர்டில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம். அந்த வண்டியை விற்கும்வரை அதை நான் சரிசெய்யவே இல்லை. ஓட்டும்போது கண்ணில் பட வேண்டும் என்றே விட்டுவைத்தேன்.

ஆகவே பிள்ளைகள் பின் சீட்டில், பெல்ட் சரியாகப் படும்படி உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் போட்டு, மூன்று முனை பெல்ட் இருக்கும் ஓரத்து இடங்களில். நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் அங்கே பூஸ்டர் வேண்டாம். உட்கார்ந்தபடியே தூங்கப் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள், இரண்டாவது பயணத்திலேயே. அரிசி மூட்டை, தண்ணீர் கேன், பாத்திரம் இவற்றை டிக்கியின் அடியில், சீட் முதுகை ஒட்டி வைத்து, தரைக் கொக்கியில் கயிறு போட்டுக் கட்டுங்கள். சீட் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள், அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வலை கட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய வண்டி வாங்கியதும் எல்லோரும் முதலில் செய்வது சீட் கவர். கடைக்காரர் பின் சீட் பெல்ட்டின் பக்கிளை சீட்டுக்குள் தள்ளி மேலே கவரை இழுத்துத் தைத்துவிடுகிறார். நான் பார்த்த பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தது விலை உயர்ந்த காரின் பின் சீட்டில், பெல்ட் போடாமல் போனதால். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட் இல்லாமல் கூட்டிப் போனால் சட்டப்படி ஆயிரம் ரூபாய் அபராதம், ஆனால் அபராதத்துக்காகவா நாம் இதைச் செய்ய வேண்டும்? இன்றைக்கே போய் சீட் இடுக்கில் கையை விட்டு அந்த பக்கிள்களை வெளியே எடுங்கள். மாட்டிப் பாருங்கள், வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும்.

டெல்லி நம்பர் இன்னோவா, 10 வருடம் ஆகப்போகிறது, இங்கே இருப்பதைவிட ஒன்றரை லட்சம் குறைவு. (திருப்பூர்)

அங்கே பத்து வயதான டீசல் காருக்குத் தடை என்று வந்ததால்தான் அந்த விலை. வண்டி நன்றாக இருக்கலாம், கடற்கரை உப்புக்காற்று படாததால் அடித்தகடு நம்மூர் வண்டியைவிடச் சுத்தமாகக்கூட இருக்கும். ஆனால் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்று அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. கையில் வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, நம்பர் மாற்றும் செலவு, லாரியில் ஏற்றிவரும் கூலி எல்லாம் கூட்டினால் அந்த ஒன்றரை லட்சத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம், கிளட்ச் பெடல் ரப்பரையும் ஸ்டீயரிங் தேய்மானத்தையும் பாருங்கள்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா? மெக்கானிக் பரவாயில்லை என்கிறார். (தூத்துக்குடி)

கூடாது. வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியை எடுத்துப் பாருங்கள், வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும், அதே ஓடுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் கட்டும். கூலண்ட் இரண்டு லிட்டர் ஐந்நூறு, அறுநூறு ரூபாய், குழாய் அடைத்து இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போனால் இருபதாயிரம். அவசரத்துக்கு ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் குடிதண்ணீர் கேனைத் திறந்து ஊற்றுங்கள், ஊர் வந்ததும் முழுவதையும் இறக்கி மாற்றுங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. ஓரத்தில் 2317 என்று போட்டிருக்கிறது. (வேலூர்)

2017ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. மாற்றுங்கள், ஸ்டெப்னியையும் பாருங்கள், அது அதைவிடப் பழையதாக இருக்கலாம்.

மூன்று வருடம் முன்பு தெரிந்தவருக்குக் காரை விற்றேன். சிக்னல் மீறல் அபராதம் இன்னும் என் செல்போனுக்கே வருகிறது. (சேலம்)

தெரிந்தவர் என்பதால்தான் பெயர் மாற்றாமல் கொடுத்திருப்பீர்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பது உங்களைக் காப்பாற்றாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சிக்னல் அபராதம் வந்ததோடு போயிற்றே என்று நினைத்து, நாளைக்கே அவரைக் கையோடு கூட்டிப்போய் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுத்து முடியுங்கள். வர மறுத்தால் நீங்களே ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்கியவர் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கும் 14 நாள்தான்.

2005 ஸ்கோடா ஆக்டேவியா காம்பி (ஸ்டேஷன் வேகன்), 1.9 டீசல். சின்ன வயதுக் கனவு. பிள்ளைகளைப் பள்ளிக்கு விட வைத்துக்கொள்ளலாமா? (திருச்சி)

அருமையான வண்டி, டிக்கி மட்டும் 500 லிட்டருக்கு மேல், நான்கு பேர் ஒரு வாரச் சாமானோடு போகலாம். அந்த இன்ஜினும் நீடித்து உழைக்கும். ஆனால் உங்கள் ஊரில் அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கைக் கண்டுபிடித்த பிறகு வாங்குங்கள், வாங்கிவிட்டுத் தேடாதீர்கள். ஒரு சின்ன சென்சாருக்காக இரண்டு வாரம் நிற்கும், அந்த இரண்டு வாரம் பள்ளிக்கு வேறு வண்டி இருக்கிறதா? இருந்தால் வாங்குங்கள். டைமிங் பெல்ட், கூலண்ட் இரண்டையும் முதல் மாதமே மாற்றுங்கள்.

இன்ஜின் ஆயில் பத்தாயிரம் கிலோமீட்டர் வரை ஓட்டலாமா? (கரூர்)

பழைய டீசலுக்கு ஐயாயிரத்தைத் தாண்ட வேண்டாம், ஃபில்டரோடு.

மேலே கேரியர் போட்டு எவ்வளவு ஏற்றலாம்? (திண்டுக்கல்)

கார் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு கிலோகூட வேண்டாம், பெரும்பாலும் 50 கிலோ அளவில் இருக்கும், கேரியரின் எடையும் அதில் சேர்த்திதான். மெத்தை, பை மாதிரி லேசானதை மேலே கட்டுங்கள்.